ஸ்டோர் ரூமில் மழை

கேட்டில் நகராட்சி ஒட்டியிருந்த மஞ்சள் நோட்டீஸின் மேல் ஒரு துண்டைக் காயப் போட்டிருந்தார்கள். துண்டு ஈரமாக இல்லை. கடையில் போட்ட மடிப்புகூடக் கலையாமல் இருந்தது.

"துண்டைப் போட்டு மானத்தை மறைச்சிருக்காங்க அண்ணி" என்றேன்.

"வாயை மூடிக்கிட்டு வண்டியை ஓரமா நிறுத்து தம்பி" என்றார் அண்ணி.

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவிதான். ஊருக்கு அவர் துப்பறிவாளர், எனக்கு அண்ணி. அவர் யோசிப்பார், நான் ஸ்கூட்டர் ஓட்டுவேன், நடுநடுவே பேசுவேன். பேச்சைக் குறைத்துக்கொண்டால் இந்தத் தொழிலில் எனக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது என்று அண்ணி அடிக்கடி சொல்வார்.

எங்களைக் கூப்பிட்டனுப்பியவர் வாசலிலேயே காத்திருந்தார். அந்தத் தெருவின் குடியிருப்போர் சங்கச் செயலாளர். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, எங்களை ஏதோ திருட்டுச் சாமான் மாதிரி அவசரமாக உள்ளே இழுத்துக்கொண்டார்.

முன்னறைதான் சங்க அலுவலகம். மின்விசிறி, நாற்காலிகள், கண்ணாடி பீரோ. உட்கார்ந்ததும் மனிதர் கொட்டித் தீர்த்தார்.

விஷயம் இதுதான். அந்த நகராட்சி புதிதாக வீட்டுப் பராமரிப்பு விதிகள் கொண்டுவந்திருந்தது. சுவர் உரிந்தாலும், படி உடைந்தாலும், வாசலில் தட்டுமுட்டுச் சாமான் கிடந்தாலும் யார் வேண்டுமானாலும் போனில் புகார் சொல்லலாம். இன்ஸ்பெக்டர் வந்து மஞ்சள் நோட்டீஸ் ஒட்டுவார். நோட்டீஸ் வாங்கியவர் அதை மறுத்தால் எல்லோர் முன்னிலையிலும் விசாரணை. இந்த விதிகள் வேண்டும் என்று நகராட்சியை நச்சரித்து வாங்கியவரே நம் செயலாளர்தான். இப்போது நோட்டீஸ் அவர் கேட்டிலேயே ஒட்டியாகிவிட்டது. இன்று சாயந்திரம் விசாரணை.

"தெருவுல தலை நிமிர்ந்து நடக்க முடியல மேடம். பால் வாங்கப் போனா பால்காரர் சிரிக்கறார்."

"அவர் எப்பவுமே சிரிப்பாரா இருக்கும் சார்" என்றேன். அண்ணி பார்த்த பார்வையில் மின்விசிறியே ஒரு நொடி நின்ற மாதிரி இருந்தது.

"புகார் யாருன்னு தெரியுமா?" என்று கேட்டார் அண்ணி.

"பேரைச் சொல்ல மாட்டேங்கறாங்க. 'பக்கத்து வீட்டுக்காரங்க'ன்னு பதிவாயிருக்காம். அவ்வளவுதான் சொன்னாங்க. வலது பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கு, அவங்க வெளியூர்ல இருக்காங்க. இடது பக்கம் பெயிண்டர். எனக்கும் அந்த ஆளுக்கும் ஆகாது. பகையை மனசுல வச்சுக்கிட்டு கொடுத்த புகார்னு நிரூபிச்சுட்டா, அதை அப்படியே தள்ளுபடி பண்ணிடுவாங்க. சாயந்திரம் அவன் பேரை எல்லார் முன்னாடியும் நான் சொல்லணும்."

"நிரூபிக்காட்டி?"

"பின்பக்க ஸ்டோர் ரூமை இடிச்சுடுவாங்க. செயலாளர் பதவியும் போயிடும்." குரல் தழுதழுத்தது. பதவி என்று சொல்லும்போதுதான் தழுதழுத்தது என்பதைக் கவனித்தேன்.

"புகார்ல என்னென்ன சொல்லியிருக்காங்க?"

"ஸ்டோர் ரூம் கூரை ஒழுகுது. பின்பக்கத்து விளக்கு எரியல. ஸ்டோர் ரூமுக்கும் குளியலறைக்கும் நடுவுல இருக்கற படி உடைஞ்சிருக்கு."

அப்போது நரைத்த தலையும் ஈரக் கையுமாக ஒரு அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். காபி பிரமாதம். ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "சார், வேலைக்கார அம்மாகிட்ட இன்னொன்னு சொல்லுங்களேன்" என்றேன்.

செயலாளர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு உள்பக்கம் திரும்பி, "இன்னொரு காபி" என்றார்.

அண்ணி தன் காபியைத் தொடவில்லை. "முதல்ல பெயிண்டரைப் பாத்துட்டு வந்துடறோம்" என்று எழுந்துவிட்டார்.

பெயிண்டர் வீட்டு வாசலில் ஏணி இல்லை, டப்பா இல்லை, ஒரு பிரஷ்கூட இல்லை. அவர் தொழில் என்னவென்று வாசலைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் கூடத்துக்குள் அடுக்கி வைத்துக்கொண்டு, நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லாம் அவரு புண்ணியம்" என்றார். "ஏணி வெளிய நிக்கக்கூடாதாம். டப்பா கண்ணுல படக்கூடாதாம். குடியிருப்பு மண்டலமாம், தொழில் நடக்கற மாதிரியே தெரியக்கூடாதாம். மூணு நோட்டீஸ் வாங்கியாச்சு. ராத்திரி ஏணிக்குப் பக்கத்துலதான் எம் பொண்டாட்டி தூங்கறா."

"அதனால நீங்க பதிலுக்கு ஒரு புகார் குடுத்தீங்க" என்றேன், சட்டென்று மடக்குவதாக நினைத்துக்கொண்டு.

அவர் கையைக் கழுவிவிட்டு எங்களை ஜன்னலுக்கு அழைத்துப்போனார். செயலாளர் வீட்டுப் பக்கச் சுவர் முழுசாகத் தெரிந்தது. பெயிண்ட் பெரிய பெரிய பொருக்காக உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. முன்பக்கம் மட்டும் பளபளவென்று அடித்துவிட்டு, தெருவிலிருந்து தெரியாத பக்கத்தை அப்படியே விட்டிருந்தார் மனிதர்.

"தினமும் காலையில இதைப் பாத்துக்கிட்டுத்தான் பல்லு விளக்கறேன். நான் இருபது வருஷமா பெயிண்டர். எனக்கு வயிறு எரியாதா? நான் புகார் குடுக்கறதா இருந்தா இதை விட்டுட்டு வேற எதையாவது பேசுவேனா?"

அண்ணி சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

"ஸ்டோர் ரூம் இங்கிருந்து தெரியுமா?"

"எங்க தெரியும்? பின்பக்கம் மட்டும் மதிலை ஆளுயரத்துக்கு மேல ஏத்திட்டாரே. மழை ராத்திரியில அந்தப் பக்கம் யாரோ தண்ணி கொட்டற சத்தம் மட்டும் கேக்கும்." பெயிண்டர் துண்டால் வாயைத் துடைத்தார். "இன்னிக்கு விசாரணைக்கு நானும் வரேன். தெருவே வருது. எதிர் வரிசையில ஒரு பொண்ணு தன் மாமனாரைக் கார் ஷெட்டுல தங்க வச்சிருந்துச்சு. இவருதான் புகார் குடுத்துக் காலி பண்ண வச்சாரு. 'ஷெட்டு மனுஷன் இருக்கற இடமா'ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டாரு. அந்தப் பொண்ணு அன்னிக்குக் கூனிக்குறுகி நின்னுச்சு. இன்னிக்கு இவரு நிக்கறதைப் பாக்கணும்."

வெளியே வந்ததும் கேட்டேன். "ஏணி இருக்கே அண்ணி. மதில் மேல சாத்தி, எட்டிப் பாத்திருந்தா?"

"ஏணியில ஏறினா கூரை தெரியும். ஒழுகறது எப்படித் தெரியும்? அது கீழ இருக்கறவங்களுக்குத்தான் தெரியும்."

"சரி, ஸ்டோர் ரூம்ல ஒழுகுதுன்னு புகார் சொல்ற அளவுக்கு யாருக்கு அக்கறை? உள்ள இருக்கறது பழைய சாமான். நனைஞ்சா நனையட்டுமே."

அண்ணி நின்றுவிட்டார். "இப்பத்தான் நீ உருப்படியா ஒண்ணு பேசினே" என்றார். நான் என்ன பேசினேன் என்று எனக்கே விளங்கவில்லை. விளங்கியதுபோல் தலையாட்டி வைத்தேன்.

செயலாளர் எங்களைப் பின்பக்கம் அழைத்துப்போனார். முன்பக்கத்துப் பளபளப்பெல்லாம் சமையலறையோடு முடிந்துவிட்டது. அதற்கப்பால் ஒரு குறுகலான பாதை, குளியலறை, இரண்டு படி, மதிலை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஓர் அறை. படியில் செயலாளர் கால் வைத்தார். பாதிப்படி பெயர்ந்து கிடந்ததைக் கவனிக்காமல் தடுமாறி என் தோளைப் பிடித்தார். நான் தடுமாறி அண்ணியின் கைப்பையைப் பிடித்தேன். எங்களுக்குப் பின்னால் காபி அம்மா வந்துகொண்டிருந்தார், கையில் தட்டு, தட்டில் எனக்கான இரண்டாவது காபி. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அந்தப் படியைத் தாண்டி அடுத்த படியில் கால் வைத்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் என்னிடம் நீட்டிவிட்டுத் திரும்பிப் போனார்.

அண்ணி அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செயலாளர் ஸ்டோர் ரூம் கதவைத் திறந்தார். "பாத்துக்கங்க. எல்லாம் பழைய சாமான்."

சாமான்தான். ஒரு டிரங்குப் பெட்டி, உடைந்த நாற்காலி, சுருட்டிய பாய், ஒரு கட்டில். கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளி, அறையின் நடுவில் கோணலாகப் போட்டிருந்தது. சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் பக்கெட், அதில் பாதி தண்ணீர். நேர் மேலே கூரையில் கருத்த பொத்தல். ஜன்னல் விளிம்பில் ஒரு மூக்குக் கண்ணாடி, ஒரு காதுக்கு நூல் கட்டியது.

"சார்" என்றார் அண்ணி, "உங்க சாமான் மழைக்குக் கட்டிலை நகர்த்திப் போடுதா?"

செயலாளர் முகத்தில் ஈயாடவில்லை.

"நீங்க சொன்ன மூணு குறையையும் வரிசையா வச்சுப் பாருங்க. கூரை, படி, விளக்கு. தெருவுல போறவங்க யாருக்கும் இதுல ஒண்ணுகூடத் தெரியாது. உங்களுக்கே எந்தப் படி உடைஞ்சிருக்குன்னு இப்ப விழப்போனப்பதான் தெரிஞ்சுது. ராத்திரி இந்த ரூம்லேருந்து எழுந்து குளியலறைக்குப் போயிட்டு வர ஒருத்தருக்கு மட்டும்தான் இந்த மூணும் வேணும்." அண்ணி வாசல் பக்கம் திரும்பினார். "அம்மா, கொஞ்சம் வரீங்களா?"

காபி அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து கதவோரம் நின்றார். உள்ளே வரவில்லை.

"இவங்க யாரு சார்?"

செயலாளர் அவரைப் பார்க்காமலே சொன்னார். "எங்க அக்கா."

என் கையில் அந்த இரண்டாவது காபி இருந்தது. வேலைக்கார அம்மாவிடம் சொல்லி வாங்கிய காபி. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. நான் சொன்னபோது இவர் 'அக்கா' என்று ஒரு வார்த்தை சொல்லித் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. காபியைக் கீழே வைக்கவும் இடமில்லாமல், குடிக்கவும் முடியாமல் நின்றேன்.

"நீயாக்கா?" என்றார் செயலாளர். "நீயா புகார் குடுத்தே?"

"எனக்கு விசாரணையெல்லாம் தெரியாதுடா" என்றார் அக்கா. பயந்துபோயிருந்தார். "சங்கக் கூட்டத்துல நீதான் பேசினே. 'வீட்ல என்ன குறை இருந்தாலும் ஒரு போன் பண்ணுங்க, நகராட்சியே வந்து சரி பண்ண வச்சிரும்'னு. சமையல்கட்டுல கேட்டுக்கிட்டே இருந்தேன். சரி பண்ணிட்டுப் போயிடுவாங்கன்னு நினைச்சேன். மஞ்சக் காகிதம் ஒட்டுவாங்கன்னு நினைக்கல."

"என்கிட்ட சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே. மழை ஆரம்பிச்சப்ப சொன்னேன். படியில விழுந்து கை வீங்கினப்பவும் சொன்னேன். நீ 'சங்க வேலை முடியட்டும்'னே. அப்புறம் கேக்கக் கூச்சமா இருந்துது. ஒண்டிக்கிட்டு இருக்கறவ எத்தனை தடவை கேக்கறது?"

அண்ணி மெதுவாகக் கேட்டார். "பக்கத்து வீடுன்னு எதுக்கும்மா சொன்னீங்க?"

"போன்ல 'அந்த வீட்ல நீங்க யாரும்மா'ன்னு கேட்டாங்க. இதே வீடுன்னு சொன்னா இவன் பேர் கெட்டுப்போயிடும். பக்கத்து வீடுன்னு சொல்லிட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "சொல்றப்ப பொய் மாதிரியும் தோணல."

செயலாளர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்ஸ்பெக்டர் வந்து ரூமைப் பாத்தாரே, அப்ப இவங்க எங்க இருந்தாங்க?" அண்ணி விடவில்லை.

"குளியலறையில" என்று தரையைப் பார்த்துச் சொன்னார் செயலாளர். "இது காலி இடம் விட வேண்டிய பக்கத்துல கட்டின ரூம். சாமான் வைக்க மட்டும்தான் அனுமதி. ஆள் இருக்கக்கூடாது. அதனால... நான்தான் உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டுச் சத்தம் போடாம இருக்கச் சொன்னேன்."

எதிர் வரிசைக் கார் ஷெட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் துறுதுறுத்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன். வெட்கத்தில் ஒரு மனிதரின் காதுமடல் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை.

ஆனாலும் மனிதர் விடவில்லை. நாங்கள் கிளம்பும்போது கேட்டுவரை ஓடிவந்தார். "மேடம், அந்த ரூம் போனாப் போகட்டும். அக்கா பேரு வெளிய வந்தா நான் தெருவுல தலை காட்ட முடியாது. பெயிண்டர்னே சொல்லிட்டா என்ன? அவனுக்கு என்ன, நாலாவது நோட்டீஸ்..."

"நீங்க கேட்ட பேரை நான் கண்டுபிடிச்சுக் குடுத்துட்டேன்" என்றார் அண்ணி. "அங்க எந்தப் பேரைச் சொல்றதுன்னு நீங்கதான் முடிவு பண்ணணும். பெயிண்டர் பேரைச் சொன்னீங்கன்னா, பின்னாடி வரிசையில நான் எழுந்து நிப்பேன்."

ஸ்கூட்டரில் போகும்போது நான் பேசவே இல்லை. அண்ணியே கேட்டார், உடம்புக்கு என்ன என்று.

"அண்ணி, நானும் அண்ணன் வீட்லதான் இருக்கேன். நம்ம வீட்ல நான் யாரு?"

"ஒரு மாசமா குழாயை மாத்தித் தரேன்னு சொல்லி ஏமாத்தற ஆளு" என்றார் அண்ணி. அதைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சே வந்தது.

நகராட்சிக் கூடத்தில் தெருவே திரண்டிருந்தது. வாயெல்லாம் பல்லாகப் பெயிண்டர் முதல் வரிசையில். கார் ஷெட் பெண் அவர் பக்கத்தில். செயலாளர் தனியாக ஒரு பெஞ்சில். அவருடைய அக்கா கடைசி வரிசையில் ஓரமாக, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். பின்பக்க வழியாக வந்திருப்பார்.

அதிகாரி மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஆரம்பித்தார். ஜலதோஷம் போல. "புகார் கொடுத்தவர் யாருன்னு தெரியும், பகைன்னு நிரூபிப்பேன்னு சொல்லியிருக்கீங்க. சொல்லுங்க சார், யாரு?"

செயலாளர் எழுந்தார். பெயிண்டர் கையைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்தார். அண்ணி பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டார். செயலாளர் வாயைத் திறந்தார், மூடினார்.

"சரி, அது இருக்கட்டும்" என்றார் அதிகாரி. "பின்பக்க ஸ்டோர் ரூம்ல யாரும் குடியிருக்கலைன்னு இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லியிருக்கீங்க. உண்மைதானே? இல்லைன்னா வேற கேஸ் ஆயிடும்."

"உண்மைதாங்க ஐயா."

சொன்னது செயலாளர் இல்லை. கடைசி வரிசையில் அக்கா எழுந்து நின்றிருந்தார். "அங்க யாரும் இல்லைங்க. நான் பாத்திருக்கேன். வெறும் சாமான்தான்."

"நீங்க யாரும்மா?"

"பக்கத்து வீடு."

பெயிண்டர் மெள்ளத் திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு செயலாளரைப் பார்த்தார். மதிலுக்கு அப்பால் மழை ராத்திரியில் தண்ணீர் கொட்டுவது யார் என்று அவருக்கு அப்போது புரிந்திருக்க வேண்டும். கட்டியிருந்த கையைக் கீழே விட்டார். சிரிக்க வந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார்.

எழுத்தர் குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தார்.

"எழுதாதீங்க" என்றார் செயலாளர். "அவங்க பக்கத்து வீடு இல்ல. எங்க அக்கா. என் கூடப் பொறந்தவங்க. அந்த ரூம்ல அவங்கதான் இருக்காங்க. இன்ஸ்பெக்டர்கிட்ட நான் சொன்னது பொய். அவங்களைக் குளியலறையில ஒளிச்சு வச்சுட்டுச் சொன்னேன்."

யாரோ பின்னால் கெக்கலித்தார்கள். வேறு யாரும் சேர்ந்துகொள்ளவில்லை. கார் ஷெட் பெண் மட்டும் நிமிர்ந்து செயலாளரை நேராகப் பார்த்தாள். அவரால் அவள் பக்கம் திரும்ப முடியவில்லை.

"சார், இதைப் பதிவு பண்ணினா ரூமுக்கு இன்னிக்கே சீல். சங்கப் பதவியும் போயிடும். புரியுதா?"

"புரியுது."

"அப்ப இவங்க ராத்திரி எங்க தங்குவாங்க?"

"வீட்ல."

"வீட்லன்னா எங்க சார்? நான் எழுதணும்."

"முன்னறையில."

"அது சங்க ஆபீஸ் இல்ல?" என்று யாரோ கேட்டார்கள். 

அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு கடைசி வரிசையைப் பார்த்தார். அவருக்கு அது வழக்கமாகக் கேட்கிற கேள்விதான். "உங்களுக்கு அது சம்மதமாம்மா?"

அக்கா திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

"என்னையா கேக்கறீங்க?" என்றார்.